தூசு வில்லனைப் பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. எண்ணூர், மணலி பக்கத்துப் பிள்ளைகளுக்காகக் காற்று மாசு பற்றி ஆறு குட்டி அனிமேஷன் படங்கள் செய்துகொண்டிருக்கிறோம், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் வேலை பார்ப்பது நானும் என் தங்கையும் மட்டும்தான். உதவுகிறவர்களுக்குக் கொடுக்கக் காசு கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் இரண்டாவது படத்தில். பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும், விட்டம் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேல் போகாத தூசுத் துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கு முடிக்கும் சளிக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். அதை வில்லனாக வரைந்தோம். போட்டுக் காட்டினால் பக்கத்து வீட்டு வாண்டுகளுக்கு அவனைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது! பயமுறுத்தவும் மனசில்லை, அதில் இரண்டு பேர் இன்ஹேலர் வைத்திருக்கிற பிள்ளைகள். வேறு எப்படிக் காட்டலாம்?

கதையைச் சரிபார்க்க ஒரு நுரையீரல் மருத்துவரும், குரல் கொடுக்க வடசென்னைப் பேச்சு இயல்பாக வருகிற 8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரும் (பெற்றோர் சம்மதத்தோடு) தேவை. ஆறு படங்களில் ஒன்றான டயர் எரிக்கும் கதையைப் போகிக்கு முன்பே வெளியிட வேண்டும். போகி மேளச் சத்தத்தை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள்.