தடப் பந்தயத்திற்குக் கார்: வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

பூச்சோங்_ஓட்டுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிப்பாங் தடம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நாள்களில் என்னுடைய மைவி காரைக் கொண்டுசென்று ஓட்டி வருகிறேன். அடுத்த பருவத்தில் தொடக்கநிலைப் பிரிவு ஒன்றில் முறையாகப் போட்டியிட வேண்டும் என்று முடிவு செய்து, மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் போட்டி உரிமத்திற்கான வேலைகளையும் தொடங்கிவிட்டேன். கார்தான் இன்னும் முடிவாகவில்லை.

என் முன் மூன்று வழிகள் உள்ளன. பந்தய அணி ஒன்றிடமிருந்து ஒவ்வொரு போட்டிக்கும் காரை வாடகைக்கு எடுப்பது ஒன்று. ஏற்கனவே பந்தயத்திற்காகக் கட்டப்பட்ட பழைய புரோட்டோன் சாகா ஒன்றை ரொக்கமாக வாங்குவது மற்றொன்று. புதிய காரை வங்கிக் கடனில் எடுத்து, சிறுகச் சிறுக அதைப் பந்தயக் காராக மாற்றுவது மூன்றாவது. மாதத் தவணையைத் தாங்க முடியும் என்பதால் மூன்றாவது வழியே எனக்கு எளிதாகத் தெரிகிறது.

என் மனைவி இதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால், கார் சுவரில் மோதினால் அந்தப் பணத்தை யார் கொடுப்பது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்களுக்குரிய இரண்டு நிறுத்துமிடங்களிலும் ஏற்கனவே கார்கள் நிற்கின்றன என்பதையும் கருத்தில் கொண்டு அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கிளானா_ஜெயா எழுதியது:

வணக்கம் ஐயா. வாகனக் கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில் உங்களுடைய மூன்றாவது வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

நம் நாட்டில் கார்க் கடன் என்று பேச்சில் சொல்வது பெரும்பாலும் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தமாகும். ரொக்க விலையில் பத்தில் ஒரு பங்கையேனும் முன்பணமாகச் செலுத்திவிட்டுக் காரை ஓட்டிச் செல்கிறீர்கள். கடைசித் தவணை முடியும்வரை காரின் உரிமையாளர் வங்கிதான். ஆகவே உட்புறத்தைக் கழற்றி எறிந்து, தரையில் ரோல் கேஜ் என்னும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டைப் பற்றவைப்பது இன்னொருவரின் சொத்தில் கை வைப்பதாகும். வழக்கமான ஒப்பந்தங்கள் இதற்கு வங்கியின் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதி கிடைக்கும் என்று நம்பிப் பணத்தைப் போட வேண்டாம்.

உங்கள் துணைவியார் கேட்ட கேள்விதான் இங்கே முதன்மையானது. தனியார் கார்களுக்கான வழக்கமான காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளின்போது நேரும் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது என்று அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கார் சிப்பாங்கில் நொறுங்கினால் காப்புறுதி நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும், வங்கியோ மீதித் தவணையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், காரை மீட்டெடுப்பதற்கான 21 நாள் முன்னறிவிப்பை வங்கி அனுப்பலாம். இல்லாத காருக்கு ஆண்டுக்கணக்கில் பணம் கட்டும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரக் கூடாது.

இப்போது தடத்தில் ஓட்டும் மைவிக்கும் கடன் பாக்கி இருக்குமானால், அதன் பத்திரத்தையும் இன்றே எடுத்துப் படியுங்கள்.

ஷா_ஆலாம்_பட்டறை எழுதியது:

தம்பி, ரொக்கமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விதான் இப்போது எஞ்சியிருக்கிறது. பந்தயக் கார்களைக் கட்டுவதும் வாடகைக்கு விடுவதும் என் தொழில் என்பதால், என் பேச்சில் சார்பு இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. இவை சந்தை விலைகள் அல்ல. கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். காரை 45,000 ரிங்கிட்டுக்கு வாங்கி ஓராண்டு கழித்து 30,000 ரிங்கிட்டுக்கு விற்றால் 15,000 ரிங்கிட் போகிறது. பட்டறையில் நிறுத்துவதற்கும் பராமரிப்பிற்கும் ஆண்டுக்கு 9,000 ரிங்கிட் என்று வைப்போம். இந்த 24,000 ரிங்கிட், நீங்கள் ஒரு போட்டியில்கூடக் கலந்துகொள்ளாவிட்டாலும் கரையும் பணம். டயர், பிரேக் பேட், எண்ணெய், இழுவை லாரி என ஒவ்வொரு போட்டிக்கும் 4,000 ரிங்கிட் தனியாகச் செலவாகும். இவை யாவும் அடங்கிய வாடகை ஒரு போட்டிக்கு 10,000 ரிங்கிட் என்றால், நான்கு போட்டிகளில் இரண்டு வழிகளும் சமமாகின்றன. அதற்குக் கீழே ஓட்டுபவருக்கு வாடகை இலாபம், மேலே ஓட்டுபவருக்குச் சொந்தக் கார் இலாபம். உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான விலைகளை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். சொந்தப் பந்தயக் கார் என்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை; நிறுத்துமிடம் இல்லாதவருக்கு அந்தத் தீனி இன்னும் கூடும்.

இந்தக் கணக்கு மோதலைக் கணக்கில் எடுக்கவில்லை. சொந்தக் கார் சுவரில் மோதினால் இழப்பு முழுவதும் உங்களுடையது. வாடகைக் காரில் அந்த இழப்பு எங்கே நிற்கும் என்பதை ஒப்பந்தத்தின் சேதப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. உங்கள் பொறுப்பிற்கு ஓர் உச்சவரம்புத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா? எஞ்சினும் கியர்பெட்டியும் அந்த வரம்பிற்கு உள்ளேயா, வெளியேயா? மற்றொருவர் வந்து இடித்தால் யார் பொறுப்பு? உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர், வாடகையையும் கொடுத்து உரிமையாளரின் ஆபத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். அத்தகைய அணி எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கியே தீருவது என்றால் பெயின்டின் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். கார்த் தரையில் ரோல் கேஜின் கால்கள் இறங்கும் இடங்களில் பற்றவைத்த தகட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போன்ற வெடிப்போ, தகடு புடைத்திருப்பதோ தெரிந்தால், அந்தக் கார் பலமாக அடிபட்டிருக்க வாய்ப்புண்டு. அடுத்து, இருக்கையின் பின்புறம் ஒட்டப்பட்டுள்ள எஃப்ஐஏ (அனைத்துலக வாகனக் கூட்டமைப்பு) தர வில்லையைப் படியுங்கள். 8855-1999 தர இருக்கைக்கு உற்பத்தி நாளிலிருந்து 5 ஆண்டுகளே ஆயுள். ஓட்டுநரை இருக்கையோடு கட்டும் வார்ப்பட்டைக்கும் காலாவதி நாள் உண்டு. இரண்டும் காலாவதியாகியிருந்தால், மலிவு என்று நினைத்த கார் போட்டிக்கு முந்தைய தொழில்நுட்பச் சோதனையிலேயே உங்கள் கையைக் கடித்துவிடும். காரின் பதிவு இரத்துச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். சாலையில் ஓட்ட முடியாத காரை ஒவ்வொரு முறையும் லாரியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.

பிரேக் எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் தடத்தில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் உள்ளன. 15-ஆவது வளைவிலும் அதைத் தாண்டி முதலாவது வளைவிலும் அடுத்தடுத்துக் கடுமையாக பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். டாட் 4 என்ற தரத்திலான பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்குத் தரக்கட்டுப்பாடு கேட்பது 155 பாகைதான். நம்முடைய புழுக்கமான காற்றில் அந்த ஈரம் விரைவாகவே ஏறிவிடுகிறது. எண்ணெய் கொதித்தால் பெடல் பஞ்சாகிக் காலடியில் இறங்கிவிடும். வாடகைக் காரில் இதை மாற்றுவது அணியின் வேலை, சொந்தக் காரில் உங்களுடைய வேலை. இந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளத்தான் சொந்தக் கார் வேண்டும் என்றால், அந்த ஆசையை நான் மனமாரப் பாராட்டுவேன். ஆனால் முதல் ஆண்டிலேயே ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருப்பது பலருக்கு முடிவதில்லை. முதல் பருவத்தை வாடகையில் ஓட்டுங்கள். எந்தப் பிரிவு உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

பட்டர்வொர்த்_ரசிகர் எழுதியது:

எங்களைப் போன்ற வடக்கத்தியர்களுக்கு இன்னொரு வழி ஒத்துவந்திருக்கிறது. பினாங்கிலிருந்து சிப்பாங்கிற்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர் இருப்பதால், ஒவ்வொரு போட்டிக்கும் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. நண்பர்கள் சேர்ந்து ஒரு காரைக் கூட்டாக வாங்கி, அதைத் தெற்கே ஒரு பட்டறையில் நிறுத்தியிருக்கிறோம். ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் நெடுந்தூரப் பந்தயங்களுக்குக் கூட்டு உரிமை மிகவும் பொருந்தும். சிப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தத் தூரத்தைக் கடக்க 181 சுற்றுகள் வேண்டும். ஒருவரால் முடியாத செலவையும் களைப்பையும் பலர் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆனால் கூட்டாளிகளுக்குள் எழுத்து வேண்டும். இடித்தவர் முழுத் தொகையையும் கொடுப்பதா, எல்லாரும் பங்கிட்டுக்கொள்வதா, ஒருவர் விலகினால் அவர் பங்கை என்ன விலைக்கு எடுப்பது என்பதைக் கார் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டோம். நட்பைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பூச்சோங்_ஓட்டுநர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. வங்கிக் கடன் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு மூன்று போட்டிகளுக்கு மேல் எனக்கு விடுப்புக் கிடைக்காது என்பதால், அண்ணன் காட்டிய கணக்கின்படி வாடகையே சரி என்று படுகிறது. ஒரே ஓர் ஐயம். நான் விசாரித்த அணியின் ஒப்பந்தத்தில் சேதத்திற்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் ஓட்டுநரின் தவறான கியர் மாற்றத்தால் எஞ்சின் கெட்டால் அந்த வரம்பு பொருந்தாது என்று எழுதியிருக்கிறார்கள். எஞ்சின் ஏற்கனவே களைத்துப்போய் இருந்ததா, என்னால் கெட்டதா என்பதை எப்படி நிரூபிப்பது?

ஷா_ஆலாம்_பட்டறை எழுதியது:

நியாயமான பிரிவுதான் தம்பி. ஐந்திலிருந்து நான்கிற்கு இறக்க நினைத்து இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்களே எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். எஞ்சின் கணினியில் உள்ள சுழற்சிக் கட்டுப்பாட்டால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பந்தயக் கார்களில் பொருத்தும் கணினிகள் பலவற்றில் உச்சச் சுழற்சி எண் பதிவாகி நிற்கும். காரை ஏற்கும் காலையில் அந்தப் பதிவை உங்கள் முன்னிலையில் அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். எஞ்சினின் அழுத்தச் சோதனை முடிவையும் சிலிண்டர்வாரியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தவுடன் உச்ச எண்ணை இருவரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். எண் எல்லைக்குள் இருக்கும்போது எஞ்சின் போனால் அது அணியின் பொறுப்பு என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். காரின்மேல் நம்பிக்கை உள்ள அணி இதற்குத் தயங்காது.