போக்கர் ஆடிக் குடும்பம் நடத்தியவர்கள் உண்டா? கையில் எவ்வளவு நின்றது?

மதுரைக்காரன், பெங்களூரு:
மூன்று வருடம் எனக்கு இதுதான் பிழைப்பு. ஆன்லைனில் 25/50 ரூபாய் டேபிள், ஒரே நேரத்தில் நான்கு. ஒவ்வொரு சுற்றிலும் (அதைத்தான் கை என்போம்) இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் பணம் அந்த 25, 50; பெரியதற்குப் பெயர் பிக் பிளைண்ட். நூறு கைக்கு ஐந்து பிக் பிளைண்ட், அதாவது 250 ரூபாய் லாபம் நின்றால் நல்ல ஆட்டக்காரன். மாதம் 30,000 கை ஆடினால் 75,000 வர வேண்டும். கணக்குப்படி! நிஜத்தில் ஒரு மாதம் ஒன்றரை லட்சம் வரும், அடுத்த மாதம் கையிலிருந்து இருபதாயிரம் போகும். ஆட்டம் என்னவோ அதேதான்.

ஒரு தீபாவளி வாரம் என்னிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். ஐந்துக்கு நான்கு தடவை ஜெயிக்கிற கை. கடைசிச் சீட்டில் கிங் விழுந்தது. போனது ஐந்தாயிரம்தான், ஆனால் அந்த வாரத்தில் அப்படிப் போனது அது ஆறாவது தடவை. வீட்டில் துணி எடுக்கக் கிளம்பி நிற்கிறார்கள்.

வந்ததிலும் 30 சதவீதம் வரி. கரண்ட், நெட் செலவு எதையும் கழிக்க முடியாது. 2023 அக்டோபரில், ஆடுவதற்குக் கட்டும் பணத்துக்கே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை ஆட்டம் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிரின்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். “சூதாட்டம் இல்லைங்கிறாங்க, சரி. வேலைன்னு சொல்றாங்களா?” என்றார். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பார்க்காமல் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அத்தனைக்கும் தடை போட்டது.

கோவா ரிட்டர்ன்:
மாண்டவி ஆற்றுக் கப்பல் காசினோ ஒன்றில் டீலராக இருந்தேன். வாரம் தவறாமல் வரும் ஒருவர், குடிக்க மாட்டார், பேச மாட்டார். சீட்டைப் பார்ப்பார், ஆடாமல் கீழே போட்டுவிடுவார். அரை மணிக்கு ஒரு கை ஆடினால் அதிகம். டேபிளில் தண்ணீராய்ப் பணம் இறைக்கும் வியாபாரி எழுந்தால், ஐந்து நிமிடத்தில் இவரும் எழுந்துவிடுவார். பிழைத்தவர் என்று நான் பார்த்தது அவரைத்தான். மற்றவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் சுற்றிச் சுற்றி ஜெயிப்பார்கள். ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ரேக், அதாவது காசினோவின் பங்கை எடுத்து உண்டியலில் போடுவது என் வேலை.

திருச்சி அக்கா:
என் தம்பி மனிமேக்கர் கதையைச் சொல்லித்தான் கடன் கேட்டான். 2003 போக்கர் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் அள்ளிய அமெரிக்கக் கணக்காளர். அந்தப் போட்டியில் ஆடியவர்கள் 839 பேராம். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்றேன். டீ போடப் போய்விட்டான்.

மதுரைக்காரன், பெங்களூரு:
கோவா நண்பரே, அந்த எழுந்து போகிற ஆள் நானாகவும் இருக்கலாம், ஆன்லைனில். யார் தாறுமாறாக ஆடுகிறார் என்று தேடவே பாதி ராத்திரி போகும். இப்போது ஒரு கம்பெனியில் டேட்டா வேலை, ஐம்பத்தெட்டாயிரம். போன மாதம் வீட்டுக் கடனுக்குப் போனபோது சம்பளச் சீட்டு கேட்டார்கள். இந்தத் தடவை கேட்ட சீட்டு கையில் இருந்தது.