புதுப்பிப்பு: அரை மணியில் காணாமல் போன டியோரிஸிமோ

மூன்று வாரம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: டியோர் கம்பெனியின் டியோரிஸிமோ சென்ட் வாங்கினேன், அரை மணி நேரத்தில் வாசனையே இல்லை, காசு வீண் என்று. அவசரப்பட்டுவிட்டேன்.

தப்பு என் பக்கம்தான். மணிக்கட்டில் அடித்துவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகி மரத்துப்போகும். இப்போது குளித்ததும் வாசனையில்லாத லோஷன் தடவி, அதன்மேல் இரண்டே அடி. துப்பட்டா ஓரத்தில் ஒன்று. மாலையில் அதை மடிக்கும்போது மணம் அப்படியே இருக்கிறது!

முதலில் பச்சை இலையைக் கசக்கிய வாடை. அப்புறம் லில்லி ஆஃப் த வேலி என்ற குட்டி வெள்ளைப் பூ, ஈரம் சொட்டச் சொட்ட. குண்டுமல்லியின் கிறக்கம் இதில் கிடையாது. மல்லி அடியில் எங்கோ இருக்கிறது, ஆனால் தலைகாட்டாது.

“அசல் பூவிலிருந்து எடுத்ததா?” என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. லில்லி ஆஃப் த வேலி பூவிலிருந்து வாசனைத் தைலம் எடுக்க வராது. பிரெஞ்சு வாசனைத் திரவியக் கலைஞர் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா அந்தச் செடியைத் தன் தோட்டத்தில் வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, வேறு பொருட்களைச் சேர்த்து 1956-இல் இதை உருவாக்கினார். இந்த வகை வாசனைக்குப் பரவலாகப் பயன்பட்ட லிலியல் என்ற செயற்கை வாசனைப் பொருளை அழகுப் பொருட்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை செய்துவிட்டது. அதனால் கலவை மாறியிருக்கலாம்; பழைய பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு என் வர்ணனை ஒத்துவராமல் போகலாம்.

நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா கேட்டார்: “என்ன சோப்பும்மா போடுற?” சரி, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.