லாரித் தண்ணீர்க் காலம்: தென்சென்னைக்குக் குடிவந்தவர்களின் அனுபவங்கள்

துரைப்பாக்கம்வாசி:
2019 ஜூன். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த மாதம். இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓர் இரவு எங்கள் அடுக்ககத்துக்கு லாரி வந்தது. குழாய் இணைப்பில் நீர் ஒழுகியது. பக்கத்துக் கட்டுமானத்தில் சித்தாள் வேலை செய்யும் பெண் ஓடிவந்து அதன் கீழே குடத்தை வைத்தார். காவலாளி குடத்தைக் காலால் தள்ளிவிட்டார். காசு கொடுத்த தண்ணீராம். தரையில் ஓடலாம், குடத்தில் விழக்கூடாது! நான் கீழே இறங்குவதற்குள் அந்த அம்மாள் போய்விட்டார். இந்த ஊர் இதற்கு மேல் ஆட்களைத் தாங்காது.

உளுந்தூர்ப்பேட்டை மகள்:
தாங்காது என்று சொல்லிவிடாதீர்கள், அண்ணா. என் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை கிடைத்த பிறகுதான் மீட்டேன். அம்மா கடையிலேயே சங்கிலியை என் கையில் கொடுத்து, "நீயே போட்டுவிடு" என்றார். எங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டியதும் கட்டடங்களை எழுப்பியதும் பிழைக்க வந்த நாங்களா?

பெரும்பாக்கத்திலிருந்து:
நீங்கள் இருவரும் விரும்பி வந்தவர்கள். எங்களை ஆற்றங்கரையிலிருந்து 2015 வெள்ளத்துக்குப் பிறகு இங்கே, அரசின் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள், பள்ளி ஆண்டின் நடுவிலேயே. அம்மா வேலை செய்த வீடுகளெல்லாம் நுங்கம்பாக்கத்தில். விடியுமுன் வரும் பேருந்தில் படியில் நின்றுதான் போவார். ஒருநாள் தாமதமாகச் சென்றபோது, வாசலிலேயே சம்பளக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். பதினோரு மணிக்கே வீடு திரும்பிய அம்மா, கட்டிக்கொண்டுபோன சோற்றை அப்படியே மேசைமேல் வைத்தார். அந்த டப்பாவை நான் இன்னும் மறக்கவில்லை.

வேளச்சேரி வரைவாளர்:
2015 டிசம்பரில் மாடியிலிருந்து படகில் இறங்கியவன் நான். அதை விடுங்கள், இனி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வீடு வாங்குமுன் பத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறையின் ஏ-பதிவேட்டை எடுங்கள், அந்தப் புல எண் ஏரி, கழுவெளி (சதுப்பு நிலம்), ஓடை என்று எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலையும் வாங்குங்கள். அந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவரிடம் 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள், தரகர் சொல்லமாட்டார். மழைநீர்ச் சேமிப்பு 2003-இலிருந்தே கட்டாயம், ஆனால் பல வீடுகளில் குழாய் இருக்கிறது, குழி தூர்ந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே குழியிலுள்ள மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். மொட்டைமாடியைப் பெருக்கிவிட்டு, முதல் மழையை வெளியே விடுங்கள். இதற்கு, லாரிக்குக் கொடுப்பதில் சிறு பங்கு போதும்.

பெரும்பாக்கத்திலிருந்து:
ஐயா, வாங்குகிறவர்களுக்கு இது பயன்படும். எங்களுக்கு ஒதுக்கிய வீட்டை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கேயும் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. எங்கே கட்டுவது என்று முடிவெடுக்கிறவர்கள்தான் அந்தப் பதிவேட்டை முதலில் பார்க்க வேண்டும். விடியற்காலையில் கூடுதல் பேருந்து கேட்டு மனு கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எந்த அலுவலகத்தில் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.