‘தி வயர்’ தொடரின் சதுரங்கக் காட்சி: விதியா, வேறொன்றா?

கேள்வி – இளம் வாசகர், சுங்கை சிப்புட்

பால்டிமோர் நகரைக் களமாகக் கொண்டு 2002 முதல் 2008 வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான ‘தி வயர்’ குற்றத்தொடரை நண்பர்கள் சேர்ந்து பார்த்து முடித்தோம். முதல் பருவத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், போதைப்பொருள் விற்கும் பையன்களான போடிக்கும் வாலஸுக்கும் அவர்களை மேற்பார்க்கும் டிஏஞ்சலோ சதுரங்கம் கற்றுக்கொடுக்கும் காட்சியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் தீரவில்லை. ராஜா ராஜாவாகவே இருப்பார், சிப்பாய்கள் முதலில் வெட்டுப்படுவார்கள் என்று அவன் விளக்குகிறான். பின்னர் அந்த மூவருமே கொல்லப்படுகிறார்கள். அப்படியானால் பிறந்த கட்டத்தை விட்டு ஒருவரும் நகர முடியாது என்பதுதான் இத்தொடரின் கருத்தா? கதை முடிவுகளை வெளிப்படையாகவே பேசலாம்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அந்தக் காட்சியின் தொடக்கத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். டிஏஞ்சலோ வந்து சேரும்போது பையன்கள் இருவரும் சதுரங்கக் காய்களை வைத்துக்கொண்டு டாம் (செக்கர்ஸ்) ஆடிக்கொண்டிருக்கிறார்கள். டாம் ஆட்டத்தில் எல்லாக் காய்களும் சமம். எது எதிர்க்கரையை அடைந்தாலும் அரசனாகிவிடும். சிப்பாய் மறுமுனைக்குப் போய்விட்டால் வெற்றிதானே என்று போடி கேட்பது அந்த ஆட்டத்திலிருந்து பிறந்த நம்பிக்கை. சதுரங்கத்திலும் சிப்பாய் ராணியாகலாம், ஆனால் ராஜாவாக ஒருபோதும் ஆக முடியாது. தான் எந்த ஆட்டத்தில் நிற்கிறோம் என்பதையே யாரும் சொல்லித் தராத ஒரு பிள்ளை, தன் திறமையையும் விசுவாசத்தையும் மட்டும் நம்பி நான்கு பருவங்கள் தெருமுனையில் நிற்கிறான் என்பதே எனக்கு அக்காட்சியில் மிகுந்த வேதனை தருவது. நான்காம் பருவத்தின் இறுதியில், சுடப்படுவதற்குச் சற்று முன்பு, சதுரங்கப் பலகையின் சிறு காய்களைப் போலத் தன்னை உணர்வதாக அவனே காவலர் மெக்நல்டியிடம் சொல்கிறான்.

எனினும் இதை விதி என்று சொல்ல நான் உடன்படமாட்டேன். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் நாளிதழில் குற்றச்செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் கொலை வழக்குகளை விசாரித்த காவலராகவும் பின்னர் பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் தெய்வங்கள் வகித்த இடத்தை இங்கே காவல்துறை, பள்ளி, அரசியல், போதை வணிகம் போன்ற அமைப்புகள் வகிக்கின்றன என்று சைமன் விளக்கியிருக்கிறார். அமைப்புகள் மனிதர் செய்தவை. காவல்துறை குற்ற எண்ணிக்கையைத் திருத்துவதும், பள்ளி தேர்வு மதிப்பெண்ணுக்காகவே பாடம் நடத்துவதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று நான்காம் பருவம் காட்டுகிறது. மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தாகும்வரை ‘ஏ’ எண்ணிக்கையை வைத்தே பள்ளிகளை எடைபோட்டுப் பழகிய நமக்கு அந்த வகுப்பறைகள் அந்நியமானவை அல்ல.

மறுமொழி – தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகி

ஆசிரியர் ஐயாவின் டாம் விளக்கம் மிகச் சிறப்பானது. ஆயினும் சதுரங்கத்தையே இத்தொடரின் மையக் குறியீடாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட காய் வெளியேறினால் கட்டம் காலியாகிவிடும்; இங்கே மறுநாளே இன்னொரு பிள்ளை அந்தக் கட்டத்தில் வந்து நிற்கிறான். போதை விற்பவர்களைக் கொள்ளையடித்து வாழ்ந்த ஓமார் விட்டுச்சென்ற இடத்திற்குப் பள்ளி மாணவன் மைக்கேல் வருகிறான், போதைக்கு அடிமையாயிருந்த பபிள்ஸ் மீண்டு எழுந்த பள்ளத்தில் மைக்கேலின் நண்பன் டூக்கி விழுகிறான்.

என்னைப் பொறுத்தவரை கட்டடங்களே பெரிய குறியீடு. மூன்றாம் பருவம் அடுக்குமாடிக் கோபுரங்களைத் தகர்ப்பதோடு தொடங்குகிறது. நகரத்தந்தை மேடையில் நின்று நல்ல எதிர்காலம் பிறப்பதாகப் பேச, எழும் தூசு எல்லோர் மீதும் படிகிறது. அங்கே வாழ்ந்தவர்களையும் வணிகம் செய்தவர்களையும் எங்கே அனுப்புவது என்று எவரும் யோசிக்கவில்லை. இரண்டாம் பருவத்தில், துறைமுகத் தொழிற்சங்கத்தைக் காப்பாற்றத் துடிக்கும் ஃபிராங்க் சபோட்கா அதற்காகவே கடத்தல்காரர்களிடம் பணம் வாங்கி அழிகிறார். அவர் மீட்க நினைத்த தானியத் துறை சொகுசுக் குடியிருப்பாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டதையும், தொழிலாளரின் லயத்து வீடுகள் இடிபட்டுப் புதிய தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எழுந்ததையும், நம்மவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்ததையும் கண்ட நமக்கு இக்காட்சிகளுக்கு உரை தேவையில்லை. துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதை நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர் என்று அறிவித்தது. அதைப் படித்த பலர் பையன்களைத் திட்டினார்கள்; அவர்கள் எந்த இடிபாட்டிலிருந்து வந்தார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். ‘தி வயர்’ அந்தக் கேள்வியை ஐந்து பருவங்களுக்கு விடாமல் கேட்கிறது. அதனால்தான் எனக்கு அது பெரிய படைப்பு.

கேள்வி கேட்டவரின் பதில்

மிக்க நன்றி, ஆசிரியர் ஐயா, அக்கா. இரண்டு விளக்கங்களையும் வைத்துப் பார்க்கும்போது நேமண்டின் கதையே இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நான்காம் பருவம் பின்தொடரும் நான்கு மாணவர்களில் அவன் ஒருவனே தெருவிலிருந்து மீள்கிறான். அவனை வளர்க்க முன்வரும் முன்னாள் காவல் அதிகாரி கால்வின், சிறையிலிருக்கும் தந்தை வீ-பேயைச் சந்தித்து அனுமதி கேட்கிறார்; கும்பலுக்காகக் கொலைகள் செய்து ஆயுள் தண்டனை பெற்ற அந்தத் தந்தை, தன் மகன் தன்னைப்போல் ஆக வேண்டியதில்லை என்று ஏற்று விட்டுக்கொடுக்கிறான். அப்படியானால் கட்டத்தை விட்டு நகர முடிகிறது. ஆனால் ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்தால்தான் முடிகிறது என்றால், கை நீட்ட ஆளில்லாத மற்ற மூவருக்கும் இத்தொடர் என்ன சொல்கிறது என்று உங்கள் இருவரிடமும் கேட்க விரும்புகிறேன்.