காலாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானலா, பரம்பிக்குளமா?

கேள்வி (காங்கேயம்):

அனைவருக்கும் வணக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் பெற்றோரையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மூன்று நாட்கள் ஏரிக்கரை ஒன்றில் தங்கி வரலாம் என்றிருக்கிறோம். கொடைக்கானலா பரம்பிக்குளமா என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை. பிள்ளைகளுக்குப் படகும் மிதிவண்டியும் வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் ஏறி இறங்குவது சிரமம். குளிர் கூடினால் இரவில் உறக்கமும் வருவதில்லை.

அப்பாவுக்கு 72 வயதாகிறது. எங்கள் தோட்டம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம். முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் ஒரு கையில் டார்ச் விளக்கும் மறு கையில் மண்வெட்டியுமாக மடையில் நின்று, மடை மாற்றும் நேரம் வரும்வரை வரப்பில்கூட உட்காராமல் காத்திருந்தவர் அவர். அந்தத் தண்ணீர் புறப்படும் அணையை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் தம் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லாமல், "பசங்களுக்குப் பிடிச்ச பக்கம் போலாம்" என்கிறார். இரண்டு இடங்களுக்கும் சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (பொள்ளாச்சி):

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தவுடனேயே பரம்பிக்குளம் என்று சொல்லத் தோன்றியது. காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, பருவம். தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் அணைகள் அவை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் செப்டம்பர் முடிவில் நீர் ததும்பி நிற்கும். கோடையில் போனால் நீர்மட்டம் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் பட்டையும் பழைய மரக்கட்டைகளுமே கண்ணில் படும். இரண்டாவது, உங்கள் அப்பா. பரம்பிக்குளம் அணையின் நீர் சுரங்கம் வழியாகத் தூணக்கடவு அணைக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தில் இறங்கிச் சர்க்கார்பதி மின்நிலையத்தைச் சேர்ந்து, பிறகு ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நீளமுள்ள காண்டூர் கால்வாயில் மலையடிவாரத்தை ஒட்டியே ஓடித் திருமூர்த்தி அணையை அடைகிறது. அங்கிருந்துதான் நான்கு மண்டலங்களாக முறை வைத்து உங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. 1961-இல் நேரு தொடங்கி வைத்த திட்டம் இது. அணை இருப்பது கேரள மண்ணில், பராமரிப்பது தமிழ்நாடு. இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட, அந்தத் தண்ணீரைப் பாய்ச்சி வெள்ளாமை எடுத்த மனிதர் அதன் கரையில் நின்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சில கட்டுப்பாடுகளையும் அறிந்து செல்லுங்கள். சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலை. இரு மாநிலச் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது, மாலைக்குப் பிறகு வெளியே நடமாடவும் கூடாது. தங்குமிடங்கள் கேரள வனத்துறையினுடையவை. முன்பதிவு இல்லாமல் புறப்படாதீர்கள். மிதிவண்டிக்கு வழியில்லை, ஆனால் மூங்கில் தெப்பம் உண்டு. அங்குள்ள கன்னிமாரா என்னும் பெரிய தேக்கு மரத்தின் அடியில் பிள்ளைகளை நிறுத்திப் பாருங்கள். அதன் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர்.

பதில் 2 (பழனி):

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். எனினும் அம்மாவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லையே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் உருவானது. கரையைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்குப் பெரிதும் சமதளமான சாலை இருக்கிறது. என் மாமியாருக்கும் மூட்டுவலிதான். பிள்ளைகள் மிதிவண்டியில் ஒரு சுற்றுப் போய் வரும்வரை, அவர் கரையோரப் பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மிளகாய்த்தூள் தடவிய சுட்ட சோளத்தைக் கொறித்தபடி நிம்மதியாக அமர்ந்திருந்தார். மருத்துவமனையும் மருந்துக்கடையும் அருகிலேயே இருக்கின்றன. காட்டுக்குள் நள்ளிரவில் வலி கூடினால் என்ன செய்வது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அதே சமயம் உண்மையை மறைக்கக் கூடாது. அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவமழை எங்கள் மலையில் எப்போது பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல இயலாது. பழனியிலிருந்து மேலே செல்லும் 65 கிலோமீட்டரும் வளைவுகள்தான். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டியிருக்கிறது. இரவுக் குளிர் உங்கள் அம்மாவுக்கு நிச்சயம் கடுமையாகவே இருக்கும். கொடைக்குத்தான் செல்வதென்றால், கூட்டத்தை விட்டு விலகிப் பூம்பாறை வழியாக மன்னவனூர் ஏரிக்கும் ஒரு நாள் சென்று வாருங்கள்.

பதில் 3 (உடுமலைப்பேட்டை):

மூன்று நாட்களையும் காட்டுக்குள்ளேயே கழிக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளத்தில் ஓர் இரவு மட்டும் தங்கிவிட்டு, மறுநாள் பொள்ளாச்சிக்கு இறங்கி, அங்கு தங்கியபடி ஆழியாறு பூங்காவுக்குச் செல்லலாம். கடைசி நாள் திருமூர்த்தி அணையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், அப்பா தண்ணீர் வரும் வழியை ஏறக்குறைய முழுவதுமாகப் பார்த்தவராவார். திருமூர்த்தியில் பஞ்சலிங்க அருவிக்கு ஏறும் பாதை மட்டும் அம்மாவுக்கு வேண்டாம்; அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலில் அமர்ந்திருக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (காங்கேயம்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உடுமலை அன்பர் சொன்ன ஏற்பாட்டையே பின்பற்றப் போகிறோம். மருந்துகளை முழுதாக எடுத்துக்கொள்ளவும், தரைத்தளத்தில் அறை கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்கவும் பழனி சகோதரியின் பதில்தான் நினைவூட்டியது. மிதிவண்டி இல்லை என்றதும் பெரியவனுக்கு முகம் வாடியது. மன்னவனூரைத் தை மாதத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் முடிவைச் சொன்னேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, "சுரங்கத்து வாய் கண்ணுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பொள்ளாச்சி ஐயா அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.