புதுப்பிப்பு: ஸ்பேம் மெயிலை நிறுத்திய புகார் எது?

ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்தும் ஸ்பேம் (கேட்காமலே வரும் விளம்பர மெயில்) நிற்கவில்லையே என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: மெயில் கிளம்பிய கணினியின் இணைய எண்ணை (ஐபி முகவரி), அது யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் பதிவேட்டில் தேடி, அந்த நெட்வொர்க் முறைகேட்டுப் புகாருக்கென வைத்திருக்கும் அப்யூஸ் முகவரிக்கு முழு ஹெட்டரோடு (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகள்) எழுதினேன். அந்த ஐபியை எடுக்க, ஹெட்டரில் நம் மெயில் சர்வர் சேர்த்த ‘ரிசீவ்டு’ வரியை மட்டும் நம்புங்கள். அதற்குக் கீழே உள்ளவற்றை அனுப்புபவரே போலியாகச் சேர்த்திருக்கலாம். புகாரைப் பார்த்து, அந்த நெட்வொர்க்கினர் அனுப்பியவரின் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

எதிர்பாராதது, ஆணையத்தின் பதில். தனித்தனிப் புகாரைத் தீர்ப்பதில்லையாம். சேர்த்துவைத்து வழக்குக்கு ஆதாரமாக்குவார்களாம். சட்டமே பல இடங்களில் தளர்வு. அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பேம் சட்டத்தில், விளம்பர மெயில் அனுப்பப் பெறுபவரின் முன் அனுமதி தேவையில்லை. கனடாவில் 2014 முதல் அது கட்டாயம். ஆதாரமாவது சேரட்டும் என்று ஆணையத்துக்கும் தொடர்ந்து அனுப்புகிறேன்.